கும்மாளத்துக்கு ஐந்து சொல், ஆசைகாட்ட ஆறு சொல்: எல்லாம் ஒன்றா?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். வங்கித் தேர்வுக்குத் தயாராகும் ஒருவர் கேட்டிருக்கிறார். அவர் கையிலிருக்கும் வழிகாட்டி நூலில் ஃப்ராலிக், ரெவல், கேம்பல், கேப்பர், ராம்ப் (romp) என்ற ஐந்துக்கும் எதிரே ‘குதூகலமாக விளையாடு’ என்று ஒரே பொருள் போட்டிருக்கிறது. அடுத்த பக்கத்தில் கோக்ஸ், கஜோல், வீடில், என்டைஸ், லூர், இன்வேகில் ஆறுக்கும் ‘ஆசை காட்டி இணங்க வை’. கோடிட்ட இடத்தை நிரப்பச் சொல்லும்போது நான்கு விடைகளில் இரண்டு இதே வரியிலிருந்து வந்து நிற்கின்றன. எதைக் குறிப்பது?

அந்தப் பட்டியல் பாதி உண்மைதான் சொல்கிறது. தமிழிலேயே பாருங்கள். குதூகலம், கும்மாளம், லூட்டி, களியாட்டம், கூத்தடித்தல் எல்லாம் ஒரே குடும்பம்தான். ஆனால் லூட்டி அடிப்பது பிள்ளைகள். ஓய்வுபெற்ற தாசில்தார் லூட்டி அடித்தார் என்று எழுதினால் படிப்பவர் சிரித்துவிடுவார். ‘ராத்திரி முழுக்கக் கூத்தடிச்சாங்க’ என்று ஒருவர் சொன்னால், அவருக்கு அது பிடிக்கவில்லை என்பதும் சேர்ந்தே காதில் விழுகிறது. ஆங்கிலச் சொற்களிலும் இப்படி யார், எங்கே, சொல்பவர் முகம் எப்படி இருந்தது என்ற சங்கதிகள் உள்ளே இருக்கின்றன. அவற்றைப் பிடிக்க எனக்குத் தெரிந்த நல்ல வழி, சொல் பிறந்த இடத்தைப் பார்ப்பது. எல்லாச் சொல்லுக்கும் இது உதவாது. இந்த இரண்டு வரிகளுக்கும் ஆச்சரியமாக உதவுகிறது.

விளையாட்டுச் சொற்களில் பாதி, காலில் பிறந்தவை. கேம்பல் என்பதற்குள் ‘காம்பா’ என்ற இத்தாலியச் சொல் இருக்கிறது; கால் என்று பொருள். ஆட்டுக்குட்டி நான்கு காலையும் தூக்கித் துள்ளுமே, அதுதான் கேம்பல். உட்கார்ந்து சிரித்துப் பேசிக்கொண்டிருப்பவர்களுக்கு அது பொருந்தாது. சூதாட்டத்தைக் குறிக்கும் கேம்பிள் உச்சரிப்பில் கிட்டத்தட்ட இதேதான். உறவு ஒன்றும் இல்லை. தேர்வு வைப்பவர்களுக்கு இந்த ஜோடி மேல் தனிப் பிரியம் உண்டு என்பதால் எழுத்தைக் கவனித்து வையுங்கள்.

கேப்பருக்குள் இருப்பது ஆடு. லத்தீனில் ‘காப்பர்’ என்றால் வெள்ளாட்டுக் கிடாய். அதிலிருந்து இத்தாலியில் துள்ளலுக்கு ‘கப்ரியோலா’ என்று பெயர் வந்தது. பிரான்சில் மேடு பள்ளத்தில் குதித்துக் குதித்து ஓடிய லேசான இரு சக்கரக் குதிரை வண்டிக்கு ‘கப்ரியோலே’ என்று பெயர் வைத்தார்கள். லண்டன்காரர்கள் அதை ‘கேப்’ என்று நறுக்கினார்கள். நாம் இன்று போனில் ‘கேப்’ புக் பண்ணும்போது கூப்பிடுவது அந்த ஆட்டைத்தான். நம் சாலைகளில் பெயருக்கு ஏற்ற மாதிரிதான் ஓடுகிறது. கேப்பர் இப்போது பெயர்ச்சொல்லாக அதிகம் வருகிறது. கோமாளித்தனமான திருட்டு, வேடிக்கையான தில்லுமுல்லு எல்லாம் அமெரிக்க வழக்கில் ‘கேப்பர்’. ஆக அந்தச் சொல்லில் லேசான குறும்பு, லேசான சட்டமீறல் இரண்டும் உண்டு.

பட்டியலில் இல்லாத ஒரு சொல்லையும் சேர்க்கிறேன், ஏனென்றால் அதை நீங்கள் ஏற்கெனவே அனுபவித்திருப்பீர்கள். விமான நிலையத்தில் கையை விரித்து நிற்கச் சொல்லி மேலெல்லாம் தடவிச் சோதிக்கிறார்களே, ‘ஃபிரிஸ்க்கிங்’, அதுவும் துள்ளி விளையாடுதல் என்ற பொருளில் தொடங்கிய சொல்தான். நாய்க்குட்டி ஃபிரிஸ்க் பண்ணும். துறுதுறுவென்று இருப்பது ‘ஃபிரிஸ்கி’. சோதிப்பவரின் கைகள் உடம்பின் மேல் சுறுசுறுப்பாக ஓடுவதால் இந்தப் பொருள் ஒட்டிக்கொண்டது என்கிறார்கள். வரிசையில் நிற்கிறவர்கள் யாரும் குதூகலமாக இருந்து நான் பார்த்ததில்லை.

ஃப்ராலிக் நெதர்லாந்திலிருந்து வந்தது. டச்சு மொழியில் இன்றும் ‘ஃப்ரோலிக்’ என்றால் மகிழ்ச்சியான என்றுதான் அர்த்தம். 16-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் வந்தபோது அது பெயரடை. பிறகுதான் வினையாக மாறியது. அதனால் இதில் காலைவிட மனசுக்குப் பங்கு அதிகம். கடலலையில் குழந்தைகள், புல்வெளியில் நாய்கள், கொஞ்சம் கிண்டலாகச் சொன்னால் விடுமுறைக்குப் போன பெரியவர்கள். கள்ளமில்லாத, கவலையில்லாத ஆட்டம். எழுத்தில் ஒரு பொறி உண்டு: இறந்தகாலத்திலும் ‘இங்’ சேரும்போதும் சி-க்குப் பின்னால் ஒரு கே வந்துவிடும். பிக்னிக், பேனிக், மிமிக், டிராஃபிக் எல்லாமே இதே விதி.

ரெவல் வேறு ஜாதி. லத்தீனில் ‘ரெபெல்லாரே’ என்றால் கலகம் செய். அது பழைய பிரெஞ்சு வழியாக ஒரு தடவை வந்து ‘ரெவல்’ ஆனது. இன்னொரு தடவை வந்து ‘ரெபல்’ ஆனது. இரண்டும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். அதனால்தான் ரெவல்ரி என்றால் கூட்டம், சத்தம், குடி, ராத்திரி, பக்கத்து வீட்டாரின் எரிச்சல் எல்லாம் சேர்ந்து வருகிறது. இரண்டு குழந்தைகள் தோட்டத்தில் ஓடிப் பிடித்து விளையாடுவது ரெவல்ரி ஆகாது. புத்தாண்டு இரவில் கடற்கரைச் சாலையில் நடப்பது ரெவல்ரி.

இந்தச் சொல்லுக்கு ஒரு அரசு அலுவலகமே இருந்தது. இங்கிலாந்து அரசவையில் கேளிக்கைகளைக் கவனிக்க ‘மாஸ்டர் ஆஃப் தி ரெவல்ஸ்’ என்று ஒரு பதவி. 1579-இல் எட்மண்ட் டில்னி அதில் அமர்ந்தார். கொஞ்ச காலத்தில் கேளிக்கை அதிகாரி தணிக்கை அதிகாரியாகவும் ஆனார். நாடகக் கம்பெனிகள் பிரதியை அவரிடம் காட்டி ஒப்புதல் வாங்க வேண்டும். சர் தாமஸ் மோர் பற்றிய ஒரு நாடகத்தின் கையெழுத்துப் பிரதி இன்றும் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. அதன் முதல் பக்கத்தின் ஓரத்தில் டில்னி தன் கையால் எழுதியிருக்கிறார்: கலகக் காட்சியையும் அதன் காரணத்தையும் முழுதாக எடுத்துவிடு, இல்லையேல் விளைவுக்கு நீயே பொறுப்பு என்ற தொனியில். ரெவல் துறையின் தலைவர் ரெபல் காட்சியை வெட்டுகிறார்! சொல்லின் வரலாறு தெரியாமலேதான் வெட்டியிருப்பார், பாவம்.

ரெவல் வினையாக வரும்போது பின்னால் ‘இன்’ சேர்ந்தால் கதை மாறும். வேலைப்பளுவில் ஒருவர் ‘ரெவல்ஸ் இன்’ என்றால் அவர் பார்ட்டி நடத்தவில்லை, அதில் திளைக்கிறார். தேர்வுகளில் இந்தப் பொருள்தான் அதிகம் கேட்கப்படும்.

ராம்ப் பற்றி ஒரே ஒரு எச்சரிக்கை. விளையாட்டுப் பக்கத்தில் ஒரு அணி ‘ராம்ப்’ செய்து வென்றது என்றால் சிரமமே இல்லாமல் ஊதித் தள்ளியது என்று அர்த்தம். பிள்ளைகளின் முரட்டு விளையாட்டும் ராம்ப்தான். ஆனால் பிரிட்டனின் பரபரப்புப் பத்திரிகைகளில் பெரியவர்கள் இருவர் ‘ராம்ப்’ என்று தலைப்பு வந்தால் அது படுக்கையறைச் செய்தி. அலுவலகச் சுற்றுலாவைப் பற்றி மேலாளருக்கு எழுதும் மின்னஞ்சலில் இந்தச் சொல் வேண்டாம்.

ஜாலி? தமிழ் பேசுகிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த ஆங்கிலச் சொல் அது. ஆனால் நம்முடைய ஜாலி வேறு, அவர்களுடைய ஜாலி வேறு. ‘லீவு ஜாலியா போச்சு’ என்பதை அப்படியே ஆங்கிலத்தில் வைத்தால் கேட்பவருக்குக் கிறிஸ்துமஸ் தாத்தா நினைவுக்கு வருவார். அங்கே அது தொப்பையும் சிவந்த கன்னமும் உள்ள, கொஞ்சம் பழங்காலச் சொல். ‘ஃபன்’ என்று சொன்னாலே போதும். கெயிட்டி என்ற சொல்லும் அப்படித்தான் பழசாகிவிட்டது. மவுன்ட் ரோடு பக்கம் ரகுபதி வெங்கையா கட்டிய கெயிட்டி தியேட்டர் பெயரில் இருந்தது அந்த உல்லாசம்தான். இன்று எழுத்தில் தவிர வேறெங்கும் யாரும் அதைச் சொல்வதில்லை.

ஜாலியிலிருந்தே இரண்டாவது பட்டியலுக்குப் போய்விடலாம், ஏனென்றால் அந்தச் சொல் இரண்டு பக்கமும் நிற்கிறது. ஒருவரை ‘ஜாலி அலாங்’ செய்வது என்றால், சிரிக்கச் சிரிக்கப் பேசி, உற்சாகப்படுத்தி, நமக்கு வேண்டிய காரியத்துக்கு நகர்த்துவது. தமிழில் தாஜா பண்ணுவது என்கிறோமே, அதற்கு வெகு அருகில். ஏமாற்று என்ற பொருளுள்ள டிலூட் என்பதற்குள்ளும் லத்தீனில் விளையாடு என்று பொருள்படும் ‘லூதெரே’ உட்கார்ந்திருக்கிறது. ஒருவரை வைத்து விளையாடுவதுதான் ஏமாற்றுவது.

ஆசைகாட்டும் சொற்களைப் பிரிக்க நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: வலைக்குள் போகிறவர் கடைசியில் நஷ்டப்படுகிறாரா?

கோக்ஸில் பெரும்பாலும் நஷ்டம் இல்லை. கட்டிலுக்கு அடியில் பதுங்கிய பூனைக்குட்டியைத் தட்டில் பால் வைத்து, மெதுவாகக் கூப்பிட்டு வெளியே கொண்டுவருவது கோக்ஸ். பொறுமை, மென்மை, கொஞ்சம் கொஞ்சமாக. உயிரில்லாத பொருளுக்கும் வரும்: மழையில் நின்றுபோன பழைய ஸ்கூட்டரைச் சோக்கைத் திருகி, உதைத்து, கெஞ்சிக் கிளப்புவதையும் ஆங்கிலத்தில் கோக்ஸ் என்பார்கள். மற்ற ஐந்து சொற்களுக்கும் இந்த வசதி கிடையாது. எஞ்சினை யாரும் கஜோல் செய்ய முடியாது. இவ்வளவு சாதுவான சொல்லின் பூர்வீகம் அவ்வளவு சாது இல்லை. 16-ஆம் நூற்றாண்டில் ‘கோக்ஸ்’ என்றால் ஏமாளி. ஒருவரைக் கோக்ஸ் ஆக்குவது என்றால் முட்டாளாக்குவது. பென் ஜான்சன் 1614-இல் மேடையேற்றிய நாடகத்தில், சந்தைக்குப் போய் எல்லாவற்றையும் பறிகொடுக்கும் அப்பாவிக்கு இதே சொல்லைத்தான் பெயராக வைத்தார். நூற்றாண்டுகள் போகப்போக விஷம் இறங்கி, பாசம் மட்டும் மிஞ்சியது. கேபிள் டிவிக்காரர் சொல்லும் கோஆக்ஸ் வயருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

கஜோல் பிரெஞ்சிலிருந்து வந்தது. உச்சரிப்பு இந்தி நடிகை பெயர் மாதிரியே இருப்பதால் மறக்காது. இதில் பேச்சு முக்கியம், அதிலும் முகஸ்துதி. ‘உங்களை விட்டா யாரால முடியும்’ என்று ஐஸ் வைத்து, விடாமல் பேசி ஒப்புக்கொள்ள வைப்பது. வீடில் அதைவிட ஒரு படி கீழே. ஜெர்மன் மொழியில் வாலாட்டுவதற்கு உள்ள ‘வேடெல்ன்’ என்ற சொல்லோடு இதைத் தொடர்புபடுத்துகிறார்கள். உறுதி இல்லை என்றாலும் படம் கச்சிதம். நாய் குழைகிற மாதிரி குழைந்து, இச்சகம் பேசி, காரியம் சாதிப்பது. கோக்ஸுக்கு நாம் புன்னகைக்கலாம். வீடிலுக்கு முகம் சுளிக்கும்.

இன்வேகிலில் வாலாட்டல் கிடையாது, கண்ணைக் கட்டுவது. பிரெஞ்சில் ‘அவூக்ளே’ என்றால் குருடாக்கு. அதன் லத்தீன் மூலம் ‘கண் இல்லாமல்’. நாம் ‘கண்ணுல மண்ணைத் தூவிட்டான்’ என்கிறோம், அவர்கள் கண்ணையே எடுத்துவிட்டார்கள். ஒருவர் தன்னையே ஓர் இடத்துக்குள் இன்வேகில் செய்துகொள்வதும் உண்டு: அழைப்பிதழ் இல்லாமல் பெரிய இடத்துக் கல்யாணத்தில் முன்வரிசையில் போய் உட்கார்ந்திருப்பாரே, அவர்.

லூர்தான் இந்தப் பட்டியலில் எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் அது முதலில் ஒரு பொருளின் பெயர். இடைக்கால ஐரோப்பாவில் வல்லூறு பழக்குகிறவர்கள் ஒரு நீளக் கயிற்றின் நுனியில் பறவைச் சிறகுகளைக் கொத்தாகக் கட்டி, நடுவில் ஒரு துண்டு இறைச்சியையும் சேர்த்து வைத்திருப்பார்கள். பழகும் காலத்தில் பறவை அதன் மேல்தான் தின்று பழகும். பிறகு எவ்வளவு உயரத்தில் சுற்றிக்கொண்டிருந்தாலும், கீழே ஒருவர் தலைக்கு மேல் அந்தக் கொத்தைச் சுழற்றினால் அது தன் வேட்டையை விட்டுவிட்டு இறங்கி வரும். அந்தக் கொத்துக்குப் பெயர் லூர். தூரத்திலிருந்து இழுப்பது, பழக்கத்தைப் பயன்படுத்துவது, காட்டுவது ஒன்று கிடைப்பது வேறு: இவை இன்றும் அந்தச் சொல்லில் இருக்கின்றன. தூண்டிலில் மாட்டும் செயற்கை மீனும் லூர்தான். வெளிநாட்டில் டேட்டா என்ட்ரி வேலை என்று சொல்லி இளைஞர்களைக் கூட்டிப்போய் சைபர் மோசடிக் கூடங்களில் அடைக்கிறார்களே, அந்தச் செய்திகளில் ‘லூர்டு’ என்று எழுதுவது மிகச் சரியான பிரயோகம். அங்கே கோக்ஸ் என்று எழுதினால் அபத்தம். அல்யூர் இதே வேரிலிருந்து பிறந்தும் தப்பித்துக்கொண்டது. வாசனைத் திரவியப் புட்டியில் எழுதும் அளவுக்குக் கவர்ச்சி மட்டும் அதில் தங்கியது.

லூருக்கு ஒரு டச்சுத் தம்பி உண்டு, டீகாய். ‘டெ கோய்’ என்றால் கூண்டு. ஒரு குளம்; அதிலிருந்து வளைந்து வளைந்து குறுகிப் போகும் கால்வாய்; அதன் மேல் வளையங்களில் வலை; ஓரத்தில் நாணல் தட்டிகள். பழக்கிய நாய் ஒன்று தட்டிகளின் இடுக்கில் ஒரு கணம் தலைகாட்டி மறையும், அடுத்த இடுக்கில் மறுபடி. காட்டு வாத்துகள் அது என்ன என்று பார்க்கப் பின்னாலேயே நீந்திப் போகும். தீனிகூட வேண்டாம், வேடிக்கை பார்க்கும் ஆசையே போதும். ‘கிளிக்பெய்ட்’ என்ற பெயரைவிட இன்றைய செய்தித் தலைப்புகளுக்கு அந்த நாய்தான் பொருத்தம்.

என்டைஸ் தீயில் பிறந்த சொல். லத்தீனில் ‘டிட்டியோ’ என்றால் கொள்ளிக்கட்டை. அணைந்து கிடப்பதைக் கிளறி எரிய வைப்பது. நாம் விளக்குத் திரியைத் தூண்டுவது என்று சொல்லி, அதே சொல்லால் மனசையும் தூண்டுவது போலத்தான். ஆகவே என்டைஸில் ஆசை எதிராளியிடம் ஏற்கெனவே இருக்கிறது, கிளறுவதுதான் வேலை. தள்ளுபடி, போனஸ், இலவசம் எல்லாம் என்டைஸ். விளம்பர மொழியில் கெட்ட வாடை இல்லாமல் வரும் இதே சொல், சட்டத்தில் வந்தால் ஆளே மாறிவிடும். 1860-ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 361-ஆம் பிரிவு, உரிய வயது வராதவரைப் பாதுகாவலரிடமிருந்து ‘டேக்ஸ் ஆர் என்டைசஸ்’, அதாவது கூட்டிச் செல்பவரோ ஆசை காட்டி அழைப்பவரோ, கடத்தல் குற்றம் செய்தவர் என்றது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டமும் அந்த இரண்டு வினைகளையும் அப்படியே வைத்திருக்கிறது. தினசரிகளில் ‘ஆசை வார்த்தை கூறி’ என்று வரும் வாசகம் இதன் தமிழ் நிழல். சென்னையிலிருந்து போன வரதராஜன் வழக்கில் 1964-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது விஷயமே இந்த வினைகளின் எல்லைதான். பதினெட்டை நெருங்கிய பெண், தானே யோசித்து, தானே கிளம்பி வந்து சேர்ந்தால், உடன் போனது மட்டும் ‘கூட்டிச் செல்லல்’ ஆகாது. அந்த எண்ணத்தை அவள் மனசில் உருவாக்குவதில் அவனுக்குப் பங்கு இருந்ததா என்று பார்க்க வேண்டும் என்றது நீதிமன்றம். கொள்ளியைக் கிளறியது யார் என்ற கேள்விதான் அது.

செட்யூஸும் இப்படிச் சட்டத்தில் தன் பழைய முகத்தோடு இருக்கிறது. ‘விலக்கி நடத்திச் செல்’ என்பதுதான் அதன் நேர்ப்பொருள். அதே பழைய தண்டனைச் சட்டத்தின் 131-ஆம் பிரிவு, படைவீரரைக் கடமையிலிருந்து ‘செட்யூஸ்’ செய்ய முயல்வதைத் தண்டித்தது. இதில் காதலும் இல்லை, கத்தரிக்காயும் இல்லை. விசுவாசத்தைக் கலைப்பது மட்டுமே.

டெம்ப்ட் உங்கள் பட்டியலில் இல்லை, ஆனால் தேர்வில் வரும். லத்தீனில் அது சோதித்துப் பார் என்ற சொல். தமிழ் பைபிளில் கர்த்தருடைய ஜெபத்தில் அந்த இடத்தில் ஆசை, சபலம் என்றெல்லாம் போடாமல் ‘சோதனை’ என்றே வைத்தார்கள். பழம்பொருள் தமிழில் பத்திரமாக இருக்கிறது. கடவுளே மனிதனைச் சோதனைக்குள் நடத்திச் செல்வது போல ஒலிக்கிறதே என்று 2017-இல் போப் பிரான்சிஸ் இத்தாலிய வாசகத்தைப் பற்றிக் குறைப்பட்டார். தமிழ்க் கத்தோலிக்கர்கள் சொல்லும் ‘எங்களைச் சோதனையில் விழவிடாதேயும்’ என்ற வரியில் அந்தச் சிக்கலே இல்லை. டெம்ப்டுக்கு இன்னொருவர் தேவையுமில்லை. இனிப்புக் கடைக் கண்ணாடிக்குள் இருக்கும் அல்வாவே டெம்ப்ட் செய்யும். கோக்ஸ், கஜோல், வீடில் மூன்றுக்கும் வாயுள்ள ஆள் வேண்டும். டேன்டலைஸ் இதைவிடக் கொடுமை: தண்ணீரில் நின்றும் குடிக்க முடியாத கிரேக்க மன்னன் டேன்டலஸின் பெயர் அது. அமிலத்தில் மூழ்கியும் துளி அமிலம் ஏற்காத ஓர் உலோகத்துக்கு 1802-இல் ஸ்வீடன் வேதியியலாளர் எக்கபெர்க் டேன்டலம் என்று பெயர் வைத்தார்.

இனி தேர்வு அறைக்கு வருவோம். கோட்டுக்குப் பின்னால் என்ன இடைச்சொல் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். ‘அவுட் ஆஃப்’ என்று வந்து, எதையோ கறக்கிறார்கள் என்றால் வீடில் அல்லது கோக்ஸ். அப்பாவிடமிருந்து பாக்கெட் மணியை நச்சரித்துக் கறந்தால் வீடில், பயந்த சாட்சியிடமிருந்து உண்மையை மெதுவாக வரவழைத்தால் கோக்ஸ். ‘இன்டு’ வந்தால் கஜோல், இன்வேகில், கோக்ஸ் மூன்றும் இலக்கணப்படி பொருந்தும். வாக்கியத்தில் புகழ்ச்சி இருந்தால் கஜோல், வஞ்சனை இருந்தால் இன்வேகில். ‘அவே ஃபிரம்’ வந்து, ஒரு நிறுவனம் இன்னொரு நிறுவனத்தின் ஊழியரை அதிகச் சம்பளம் காட்டி இழுத்தால் லூர் அல்லது என்டைஸ்; இரண்டுமே விடைகளில் இருந்தால் கேள்வி எழுதியவர் வேலையைச் சரியாகச் செய்யவில்லை, எதைக் குறித்தாலும் அதிர்ஷ்டம்தான். முதல் பட்டியலில், ஆட்டுக்குட்டி தெரிந்தால் கேம்பல், குழந்தையும் கடலும் தெரிந்தால் ஃப்ராலிக், ‘இன்’ தெரிந்தால் ரெவல், ஸ்கோர் தெரிந்தால் ராம்ப்.